கல்வீட்டுக் கிணற்றடியில் எடுத்த பேய்ப்படம்

எங்களோடு ஒன்றாகப் படித்தவர்களின் கைபேசிக் குழுவில் போன கிழமை ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கடை ஊரிலை எடுத்த காட்டேரிப் படம் ஞாபகம் இருக்கோ? பேயின்ரை பல்லுக் கழண்டு தேத்தண்ணிக்குள்ளை விழுந்ததே!" அதற்குக் கீழே ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கோப்பாயிலிருந்தும் சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கை வரவில்லை.

நீங்கள் எல்லோரும் அந்தப் படத்தை ரியூசன் கொட்டிலுக்கு வெளியே நின்று, ஓலைக் கிடுகைப் பிரித்து, ஓட்டைக்குள்ளால் பார்த்தவர்கள். உங்களுக்குத் தெரிந்தது பல்லும் பீற்றூட் இரத்தமும்தான். நான் படத்துக்குள் இருந்தேன். அதில் சவமாகக் கிடந்த பிள்ளை நான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் கேட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சித்தப்பா சவூதியிலிருந்து திரும்பிவந்த வருடம் அது. மற்றவர்கள் நகையும் போர்வையும் கொண்டுவந்தார்கள். அவர் தோளில் வைத்துத் தூக்குகிற ஒரு பெரிய வீடியோக் கமராவைக் கொண்டுவந்தார். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். என் அப்பாவுக்கு அவரைக் கண்டால் கடுப்பு. "உவன் உருப்பட மாட்டான். காசைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ளை போட்டிட்டு நிக்கிறான்" என்பார்.

சவூதியில் வேலையாட்கள் தங்குகிற அறையில் வெள்ளிக்கிழமைகளில் கசெற் போட்டுப் படம் பார்ப்பார்களாம். அதில் சித்தப்பாவுக்குப் பிடித்தவை இரத்தம் குடிக்கிற பேய்ப் படங்கள். அதுவும் நல்ல படங்கள் அல்ல, மலிவாக எடுத்தவை. "கதவைச் சாத்தினால் சுவர் ஆடும் பிள்ளை. வௌவால் பறக்கேக்கை நூல் தெரியும். ஆனா நெஞ்சு இடிக்கும். பொய் எண்டு தெரிஞ்சுகொண்டே பயப்பிடுறம் பார், அதுதான் படம்" என்று எனக்குச் சொல்லுவார். அப்படி ஒரு படத்தை எங்கள் ஊரிலேயே எடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கதையையும் அவரே யோசித்து வைத்திருந்தார். ஒரு பணக்காரன் ஏழைப் பெண் ஒருத்தியைக் கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறான். அவள் இரத்தக் காட்டேரியாக எழுந்துவந்து அவனுடைய ஆட்களை ஒவ்வொருவராகக் குடித்து முடித்து, கடைசியில் அவனிடம் வருகிறாள். பெயர், 'உதிரம் கேட்டவள்'.

பேயாக நடிக்க ஒருத்தரும் கிடைக்கவில்லை. பேயாக நடித்தால் பேய் பிடிக்கும், பிறகு கலியாணம் பொருந்தாது என்று தாய்மார் பெட்டைகளை ஒளித்து வைத்தார்கள். அப்போதுதான் ஒரு பின்னேரம் தையலக்கா தானாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

தையலக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். நம்முடைய பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை. துணி வேலிக்கு மேலால் போகும், சட்டையாகி வேலிக்கு மேலால் வரும். காரணம், அவருடைய தமக்கை. தமக்கை ஊரிலேயே பெரிய வீடான கல்வீட்டில் சமையலுக்கு நின்றவர். நாங்கள் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில், ஒருநாள் காலை அந்த வீட்டுக் கிணற்றில் செத்துக் கிடந்தார். யாரையோ விரும்பி, அது சரிவராமல் குதித்துவிட்டார் என்று ஊர் முடிவுகட்டியது. யாரை விரும்பினார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத ஒருவனையே ஊர் உண்டாக்கிவிட்டது. தானாகச் செத்தவள் என்பதால் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கும் ஒருவரும் போகவில்லை. அன்று ஒதுக்கிய வீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். தையலக்காவைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை.

"அண்ணை, நான் நடிக்கிறன்" என்றார் தையலக்கா.

சித்தப்பாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. "வீட்டிலை அம்மா ஒண்டும் சொல்லமாட்டாவே?"

"அம்மா கதைக்கிறதை விட்டுக் கனகாலம். ஒண்டுதான் கேக்கிறன். கடைசிக் காட்சியை உண்மையான கிணத்தடியிலை எடுக்கவேணும். கல்வீட்டுக் கிணத்தடியிலை."

சித்தப்பா கமராவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "ஓம்" என்றார். அந்த 'ஓம்' எதைத் தெரிந்துகொண்டு சொன்ன 'ஓம்' என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

கல்வீட்டு ஐயா ஊரில் பெரிய மனிதர். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுபவர். பிள்ளைகளைக் கண்டால் சட்டைப்பையிலிருந்து இனிப்பு எடுத்து நீட்டுவார். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள்; அந்தப் பெரிய வளவுக்கு அருகில் வேறு வீடும் இல்லை. சித்தப்பா போய்க் கேட்டபோது வீட்டைத் தருவதாக உடனே சொன்னவர், "அந்தப் பணக்காரனா ஆரடாப்பா நடிக்கிறது?" என்றும் கேட்டாராம். தானே நடிப்பதாகவும் சொல்லிவிட்டார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மீசையை மை பூசிக் கறுப்பாக்கிக்கொண்டு முதல் நாளே ஆயத்தமாக நின்றார். பேயாக யார் வருகிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தையலக்கா பல்லை மாட்டிக்கொண்டு மாமர நிழலிலிருந்து வெளியே வந்தபோதுதான் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. ஆட்கள் சுற்றிவர நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்களே.

அந்தப் பல் ரவுணில் பல்லுக்கட்டுகிற ஒருவர், சித்தப்பாவின் கூட்டாளி, செய்து தந்தது. வாய்க்கு அளவில்லாத பெரிய பல். அதோடு கதைத்தால் சொல் எல்லாம் காற்றாகப் போகும். இரத்தத்துக்குச் சுன்னாகம் சந்தையில் பீற்றூட் வாங்கி, சீனி போட்டு, குழம்பாகும்வரை எங்கள் குசினியில் காய்ச்சினார்கள். நிறம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் வாயில் பூசிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றால் எறும்பு வந்துவிடும். மற்றவர்கள் என்றால் தட்டிவிடுவார்கள். தையலக்கா தட்டமாட்டார். உதட்டில் எறும்பு ஊர, கண்ணை வெட்டாமல், கல்வீட்டு ஐயாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரவுக் காட்சிகளை உச்சி வெயிலில்தான் எடுத்தார்கள். வெளிச்சம் போட வசதியில்லை. அதனால் கமராவின் கண்ணுக்கு முன்னால் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டிவிடுவார் சித்தப்பா. ஒருமுறை என்னையும் அதற்குள்ளால் பார்க்கவிட்டார். அந்த நீலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலி நீலம், மண் நீலம், நிழல்கள் மட்டும் கட்டையாகக் கறுப்பாக அவரவர் காலுக்கடியில் கிடந்தன. அந்த நீலத்துக்குள் தலைமயிரை விரித்தபடி ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். தையலக்கா என்று தெரிந்தும் நான் கமராவை விட்டு விலகிவிட்டேன். வெறுங்கண்ணால் பார்த்தால் வெயிலும் வாழைமரமும்தான்.

கல்வீட்டில் ஒரு கிழட்டு நாய் நின்றது. படலையில் காகம் இருந்தாலும் குரைக்கிற நாய். தையலக்கா வளவுக்குள் வந்தால் குரைக்காது. வயிற்றை மண்ணில் தேய்த்துக்கொண்டு அவருடைய காலடிக்கு வந்து முனகும். தமக்கைதான் அதற்குச் சோறு போட்டு வளர்த்தவராம். இதைச் சொன்னது மாங்காய்க்கு வந்துபோகிற ஒரு கிழவர். சொல்லிவிட்டு, "உது மணத்தைக் கண்டிட்டுது" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. கல்வீட்டு ஐயா கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்தநாள் நாயைக் காணவில்லை.

நான் பணக்காரனின் மகள். காட்டேரி என்னைக் கடித்துக் கொன்றுவிடும். என்னைக் கடிக்கிற காட்சியில் தையலக்கா என் கழுத்தடியில் முகத்தை வைத்தபடி, கமராவுக்குக் கேட்காமல், "பயப்பிடாதை பிள்ளை, நான் உன்னை ஒண்டும் செய்யமாட்டன்" என்றார். அவருடைய மூச்சில் பீற்றூட் மணந்தது. அதற்குப் பிறகு நான் சவம். மூக்கில் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணி போர்த்து, கிணற்றடியில் பாயில் கிடத்துவார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "சவமாக் கிடக்கிற விளையாட்டு வீட்டுக்குக் கூடாது" என்று சித்தப்பாவோடு சண்டை பிடித்தார். சித்தப்பா அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி என்னைக் கொண்டுபோனார்.

கடைசிக் காட்சியை எடுக்கிற நாள் நெருங்க நெருங்க, கல்வீட்டு ஐயா ஒவ்வொரு சாட்டாகச் சொன்னார். கிணற்றடியில் பாசி, வழுக்கும் என்றார். பாம்பு கண்டதாகச் சொன்னார். கொழும்புத்துறைக் கடலோரம் வடிவாக இருக்கும், அங்கே எடுப்போம், வான் பிடித்துத் தருகிறேன் என்றார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கமராவைக் கிணற்றடியிலேயே வைத்தார்.

அன்று சித்தப்பா, கல்வீட்டு ஐயா, தையலக்கா, நான், நாலு பேர்தான். வேறு யாரும் வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். உச்சி வெயில். துணிக்குக் கீழே எனக்கு வேர்வை ஓடியது. "நான் சொல்லுமட்டும் கண் திறக்கக் கூடாது" என்றார் சித்தப்பா. திறக்கவில்லை.

கிணற்றுத் துலா கிறீச்சிட்டது. வாளி நிறைந்து ஊற்றுகிற சத்தம். யாரோ தலையில் தண்ணீர் வார்க்கிறார்கள் என்று நினைத்தேன். காட்சியில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு துளி என் முகத்தில் தெறித்தது. பிறகு ஈரப் பாவாடை காலில் அடிபடுகிற சத்தம், மெதுவாக, என் தலைமாட்டைத் தாண்டிப் போனது.

தையலக்கா சொல்லவேண்டிய வசனம் எனக்குப் பாடம். 'என் உதிரத்துக்குப் பதில் சொல்!' என்று அலறவேண்டும். அலறவில்லை. பல்லையும் கழற்றியிருக்கவேண்டும், சொல் தெளிவாகக் கேட்டது. குரல் மட்டும் அவருடையது அல்ல. கொஞ்சம் உரத்த, சின்னப்பிள்ளைத்தனமான குரல்.

"ஐயா, நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

 ஈரப் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கேட்டது" என்றார் கல்வீட்டு ஐயா.

"பிறகேன் வரேல்லை?"

"நீ ஏன் பிள்ளை ஓடினனீ? நான் கையைத்தானே பிடிச்சனான். ஓடாமல் நிண்டிருந்தால் கிணத்துக்கை விழுந்திருக்கமாட்டாய்."

"நான் கூப்பிட்டனான் ஐயா."

"லாம்பைக் கொளுத்திக்கொண்டு கதவடி மட்டும் வந்தனான். திறக்கேல்லை. நான் கதவைத் திறக்கேல்லை."

'டிக்' என்று ஒரு சத்தம். சித்தப்பாவின் கமரா நின்றுவிட்டது. பற்றரி முடிந்ததோ, அவரே நிறுத்தினாரோ தெரியாது. கல்வீட்டு ஐயா நிற்கவில்லை. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்:

"விடியுமட்டும் கேட்டது பிள்ளை. சேவல் கூவின பிறகுதான் நிண்டது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். சவமாக இருந்தால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று அந்த வயதில் நினைத்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ, சித்தப்பா வந்து என் மூக்குப் பஞ்சை எடுத்தார். கண் திறந்தேன். தையலக்கா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். கல்வீட்டு ஐயா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார்.

பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல சால்வை, நெற்றியில் திருநீறு. "தம்பி, வெயிலுக்கை தலை சுத்தி ஏதோ உளறிப்போட்டன். அந்தத் துண்டை அழிச்சுப்போடு" என்றார். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் ஐயா, அழிச்சுப்போடுறன்" என்றார். அப்பா உள்ளே இருந்து, "பாத்தியே, எவ்வளவு பெரிய மனிசன் உவனைத் தேடி வந்து கதைக்கிறார்" என்று அம்மாவிடம் பெருமைப்பட்டார்.

சித்தப்பா அழிக்கவில்லை. தையலக்காவிடம் போய் என்ன செய்வது என்று கேட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "படத்தைப் படமாப் போடுங்கோ அண்ணை. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

ரியூசன் கொட்டிலில் படம் போட்டார்கள். பின்னேர வெயில் உள்ளே வராமல் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் உள்ளே, நீங்கள் வெளியே கிடுகு ஓட்டையில். முன்வரிசைக் கதிரையில் கல்வீட்டு ஐயா. கடைசி வாங்கில், சுவரோடு சாய்ந்தபடி, தையலக்காவின் அம்மா. அவர் வெளியே வந்ததையே அன்றைக்குத்தான் பலர் கண்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்.

சிரிப்பென்றால் சிரிப்பு. பல் தேநீருக்குள் விழுந்ததை சித்தப்பா வெட்டாமல் விட்டிருந்தார். நீல இராவில் தூரத்தில் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனார். நான் கடிபட்டுச் சாகிறபோது அப்பாகூடச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே எல்லோரும் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஈரப் பாவாடையோடு அவள் வந்து நின்றாள். பல் இல்லை, இரத்தம் இல்லை. யாரோ ஒரு பெண், "ஐயோ, மூத்தவள்" என்றாள், அவ்வளவுதான்.  அவள் ஓடினதும் விழுந்ததும் கூப்பிட்டதும் கல்வீட்டு ஐயாவின் வாயாலேயே வந்தது. 'நான் கதவைத் திறக்கேல்லை' என்றதோடு படம் அறுந்து, ரீவீயில் வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் தட்டினார்கள். "ஐயா என்னமா நடிச்சிருக்கிறார்!" என்றார் என் அப்பா. நல்ல மனதோடுதான் சொன்னார்.

கைதட்டலுக்குள் தையலக்காவின் அம்மா எழுந்து நின்றார். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பதுபோலச் சொன்னார்.

"ஓம், கேட்டிருக்கும். அவளுக்கு நல்ல பெரிய குரல்."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. கல்வீட்டு ஐயா எழுந்தார். யாரும் வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. கதிரைகளில் முட்டிக்கொண்டு, சாக்கை விலக்கி, வெளிச்சத்துக்குள் போனார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே அவர் கொழும்புக்குப் போய்விட்டார். பொலிசுக்கு யாரும் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அங்கே நியாயம் கேட்டுப் போவதில்லை. கொழும்பில் அவர் வீட்டுக்குப் போய்வந்த ஒருவர் பிறகு சொன்னார், இராவில் வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டுத்தான் படுப்பாராம், நிறுத்தினால் எழும்பிவிடுவாராம். கசெற் இடப்பெயர்வுகளில் எங்கோ போய்விட்டது. சித்தப்பா அதற்குப் பிறகு கலியாணவீடுகளைத்தான் எடுத்தார்.

படம் போட்டதற்கு அடுத்தநாள் காலை அம்மா முழுகிவிட்டு அடுப்பு மூட்டினார். சோறும் கறியும் சமைத்து, வாழையிலையால் மூடி ஓலைக் கடகத்தில் வைத்தார். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோகவேண்டும். அப்படித்தான் கொண்டுபோனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் ஒவ்வொரு படலையிலிருந்தும் ஒவ்வொரு பெண்ணாக வந்து சேர்ந்தார்கள்.  சிலர் கையிலும் கடகம் இருந்தது.

தையலக்காவின் அம்மா வாசலில் நின்றார். "வாருங்கோ" என்றார். எல்லோரும் அந்த வீட்டுக்குள் போய் நிலத்தில் இருந்தார்கள். யாரோ ஒருத்தி முதலில் விம்மினாள். பிறகு வீடே அழுதது. என் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தையலக்கா மட்டும் யன்னலோரம் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார்.

தையலக்காவின் அம்மா அழவில்லை. அழுகிறவர்களுக்கு நடுவால் வந்து, என் முன்னால் குந்தி, என் இரண்டு கையையும் பிடித்தார்.

"பிள்ளை, நீ பக்கத்திலைதானே கிடந்தனீ. படம் அறுந்த பிறகு அவர் வேறை ஏதும் சொன்னவரே?"

நான் தலையை ஆட்டினேன், ஓம் என்று.

"என்ரை பிள்ளை கனநேரம் கூப்பிட்டவளாமோ?"

அழுகை எல்லாம் ஓய்ந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தையலக்காவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே கிணற்றடியில்தான் கேட்டோம். அவருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

"இல்லை மாமி" என்றேன். "ஒருக்காத்தானாம்."

"ஒருக்காத்தானோ?"

"ஓம் மாமி. ஒருக்காக் கேட்டதாம். பிறகு கேக்கேல்லையாம்."

அவர் என் கையை விடாமல் அப்படியே நிலத்தில் இருந்தார். பிறகுதான், அத்தனை வருடத்துக்குப் பிறகுதான், அழத் தொடங்கினார். தையலக்கா வந்து எனக்குப் பின்னால் நின்று, என் தோளில் கையை வைத்தார். கை நல்ல குளிராக இருந்தது. அவருடைய அம்மா அழுது முடியும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.